மஞ்சக்காணிக்குள் வந்த ஓடை

நெய்வேலி,
9.2.2004

அண்ணிக்குக் கண்ணகி எழுதுவது.

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. போன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். போனில் கூப்பிட்டால் நீங்கள் சிரித்துப் பேசியே என் வாயை அடைத்துவிடுவீர்கள். அண்ணனோ "இரு, அண்ணிகிட்ட குடுக்கறேன்" என்று நழுவிவிடுவார். அதனால் எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

போன வாரம் வேதாசலம் மாமா ஒரு நிச்சயதார்த்தத்துக்காக இங்கே வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது மெல்ல ஆரம்பித்தார். "இன்னா கண்ணகி, உன் நெலத்த ஓடைக்கு வுடப் போறாங்களாமே, உனுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. நாலு பேர் முன்னால் தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அது என் கல்யாணத்தில் அப்பா எனக்குக் கொடுத்த மஞ்சக்காணி. மகளுக்கு மஞ்சள் குங்குமச் செலவுக்கு இருக்கட்டும் என்று தகப்பன் எழுதி வைக்கிற நிலம். ஓடைக்கும் வயலுக்கும் நடுவில் அப்பா போட்ட கரை இருப்பதால்தான் அது வயலாக இருக்கிறது. அந்தக் கரையை வெட்டிவிட நீங்கள் திட்டம் போட்டிருப்பதாக மாமா சொல்கிறார். வெட்டினால் மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் முழுக்க என் நிலத்தில்தானே வந்து படுக்கும்?

நீங்கள் வார்டு மெம்பர் ஆனதில் எனக்கும் பெருமைதான். இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அதற்காகக் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்க வேண்டாம். ஊருக்கு நல்லது செய்ய ஆசை இருந்தால் உங்கள் நிலத்தில் செய்யுங்கள்.

கண்ணகி


மானாம்பதி,
20.2.2004

அன்புள்ள நாத்தனாருக்கு, பாஞ்சாலி.

உன் கடிதத்தை உங்கள் அண்ணன் இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாடு அப்போதுதான் குடித்துவிட்டு நின்றது.

வேதாசலம் மாமா பாதியைச் சொல்லியிருக்கிறார். மீதியை நான் சொல்கிறேன், கோபப்படாமல் படி.

நீ ஊரில் இருந்தபோது ஓடையில் முழங்கால் அளவு இறங்கி அந்தப் பக்கம் ஏறிவிடுவாய். இப்போது இறங்க ஏணி வேண்டும். அவ்வளவு ஆழமாகத் தோண்டிக்கொண்டது. மழைக்கு மழை கரையைக் கரைத்துத் தின்றுகொண்டு, கீழே ஓடைமேட்டில் இருக்கிற இருளர் தெருவை நெருங்கிவிட்டது. அங்கே சேட்டு என்று ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுச் சுவருக்கும் ஓடை விளிம்புக்கும் நடுவில் ஒரு கட்டில் போட இடம் இல்லை. அவர் மனைவி முனியம்மாள், மழை வந்தால் பிள்ளைகளைத் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறாள்.

மெம்பர் ஆன தெம்பில் போன வருஷம் அங்கே கருங்கல்லில் ஒரு சுவர் எழுப்ப வைத்தேன். மாலை போட்டுத் தேங்காய் உடைத்தோம். முதல் மழையிலேயே தண்ணீர் அடியில் பறித்துச் சுவரைக் குப்புறத் தள்ளிவிட்டது. "செவுத்துக்கு மாலை போட்டியே மெம்பரம்மா, தண்ணிக்குப் போட்டியா?" என்று முனியம்மாள் கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆனால் அந்த மழையில்தான் ஒன்றைப் பார்த்தேன். அப்பா போட்ட கரையில் எலி வளை இருந்த இடம் உடைத்துக்கொண்டு, தண்ணீர் உன் நிலத்துக்குள் பரவியது. அன்று பூராவும் கீழே ஓடை சத்தமில்லாமல் போனது. ஒரு கட்டி மண் விழவில்லை. மறுநாள் உங்கள் அண்ணன் மணல்மூட்டை போட்டு உடைப்பை அடைத்தார். அடைத்த சாயங்காலமே சேட்டு வீட்டு வேப்பமரம் ஓடைக்குள் போய்விட்டது. மழை ஒன்றுதான், தண்ணீரும் அதே அளவுதான்.

ஓடை முன்பு உன் நிலத்துக்குள் வளைந்து போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா அதை நேராக்கிக் கரை போட்டு, வளைவை வயலாக்கினார். வளைந்து போகிற வரை தண்ணீருக்கு அவசரம் இல்லை. நேராக விட்டதும் ஓடுகிறது, தோண்டுகிறது. கரையை முழுக்க எடுக்க வேண்டாம். மேலே ஒரு வாசல், கீழே ஒரு வாசல் வெட்டினால் போதும். வெள்ளம் உள்ளே வந்து கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகும். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள், நான் வெட்டு என்கிறேன். எனக்கே இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

முதலில் உன்னிடம் வந்து கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள் பேசியதை மாமா வெளியே கொண்டுபோய்விட்டார். உன் சம்மதம் இல்லாமல் அங்கே ஒரு மண்வெட்டி படாது. உங்கள் அண்ணனும் அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டு, "நைனா கட்ன கரை அது. நா கை வெக்க மாட்டேன்" என்கிறார். ஆக நீங்கள் இரண்டு பேர், நான் ஒருத்தி.

உன் பெண் காவியாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது. நன்றாகப் படிக்கச் சொல்.

பாஞ்சாலி


நெய்வேலி,
3.3.2004

அண்ணிக்கு,

வளைவு ஞாபகம் இருக்கிறதாவது! அண்ணனும் நானும் துண்டை விரித்துக் கெண்டை பிடித்த இடம். அது வயலான கதையும் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன கோடையில் அப்பா அந்தக் கரையைப் போட்டார். ஆள் வைத்தும் வேலை முடியாமல் தானே கூடையில் மண் சுமந்தார். தலையில் சும்மாட்டுத் தழும்பு விழுந்து கல்யாணப் படத்தில்கூட அது தெரிகிறது. மகளுக்குக் கொடுக்க வேறு நிலம் இல்லாததால் ஓடையிடம் வாங்கிக் கொடுத்தார். அதை வெட்டு என்று நான் எப்படிச் சொல்வேன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா போன பிறகு அந்த ஊரில் என் பெயரில் இருப்பது அந்த நிலம் மட்டும்தான். தை பிறந்தால் அந்த நிலத்து அரிசி மூட்டையாக வந்து இறங்கும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பவளம் அக்கா என்னவென்று கேட்பாள். "தாய் வீட்டிலிருந்து வந்திருக்கிறது" என்று நான் சொல்வேன். அதைச் சொல்வதற்காகவே வாசலில் கொஞ்ச நேரம் மூட்டையைப் போட்டு வைப்பேன். உங்களுக்கு அது ஒரு மூட்டை. எனக்கு அந்த வீட்டில் இன்னும் இடம் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. நிலம் தண்ணீருக்குப் போனால் நான் விருந்தாளி ஆகிவிடுவேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று தெரியாமலா சொன்னார்கள்?

சேட்டு குடும்பத்துக்கு வேறு இடம் பார்த்துக் கொடுங்கள். மெம்பர்தானே நீங்கள்.

சம்மதம் இல்லை.

கண்ணகி


மானாம்பதி,
2.6.2004

கண்ணகிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. மூட்டையைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நானும் பெண்ணாகப் பிறந்தவள்தானே.

கோடை மழை இந்தத் தடவை கொட்டித் தீர்த்துவிட்டது. சேட்டு வீட்டுச் சமையல்கட்டு ஓடைக்குள் போய்விட்டது. சட்டி பானை எல்லாம் போச்சு. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்.

நீ சொன்னபடி வேறு இடமும் பார்த்தேன். ஊரார் காட்டுகிற இடமெல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கம், குடிக்கத் தண்ணீர் இல்லாத மேடு. முனியம்மாளிடம் கேட்டேன். "எங்க சாமி கீற எடம் இது. நாங்க இன்னாத்துக்குப் போவணும்? ஓடையப் போவச் சொல்லு" என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

உன் நிலத்தைப் பற்றி இனி கேட்க மாட்டேன். ஊருக்கு நல்லது செய்வதானால் உங்கள் நிலத்தில் செய்யுங்கள் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். சரிதான். எதிர்க்கரையில் இருக்கிற நம் கத்தரிக்கொல்லையை ஓடைக்குச் சரித்துவிடப் போகிறேன். செங்குத்தாக நிற்கிற கரையை வெட்டிச் சரிவாக்கினால் தண்ணீர் இடிக்காமல் ஏறி இறங்கும். கொல்லையில் பாதி போகும். அடியில் ஓடைக்குக் குறுக்கே பூவரசங்கழி, நொச்சிக்கழி நட்டு, நடுவில் முள் வேய்ந்து தட்டி கட்டப் போகிறோம். தண்ணீர் தட்டியில் தடுக்கி வேகம் குறைந்தால் மண்ணைப் போட்டுவிட்டுப் போகும், தோண்டின பள்ளம் தூர்ந்து மேலே வரும். நட்ட கழியும் துளிர்த்துவிடும். எல்லாம் கணக்குத்தான், நடந்தால்தான் நிஜம். கருங்கல்லையே தள்ளின தண்ணீர் நொச்சிக் குச்சியை மதிக்குமா என்று ஊர் சிரிக்கிறது.

ஓடைமேட்டு ஜனங்கள் வேலைக்கு வருகிறார்கள். கூலி பேசப் போனபோது முனியம்மாளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "எங்க வூட்டக் காப்பாத்தறதுக்கு எங்களுக்கே கூலியா?" என்று எகிறினாள். மதியச் சாப்பாடு மட்டும் நம் வீட்டிலிருந்து போகிறது. அதிலும் உப்பு குறைவு என்று தினமும் என்னைத் திட்டுகிறாள்.

பாஞ்சாலி


மானாம்பதி,
21.9.2004

கண்ணகிக்கு,

பாலத்து டீக்கடை ஞானதாஸ் இன்று சொன்னார். "உங்க நாத்தனாரு நேத்து பஸ்ஸவுட்டு எறங்கி, ரொம்ப நேரம் ஓடையவே பாத்துக்கினு நின்னாங்கோ. அப்பறம் வந்தவாசி பஸ் புட்ச்சிப் போய்ட்டாங்கோ" என்றார். பெருநகர் கல்யாணத்துக்கு வந்தாய் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நிலத்துச் சண்டை நிலத்தோடு இருக்கட்டும். பாலத்துக்கும் நம் வீட்டுக்கும் கூப்பிடு தூரம். வாசல் வரை வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனாயே. உங்கள் அண்ணன் ராத்திரி சாப்பிடவில்லை. நானும்தான்.

பாஞ்சாலி


நெய்வேலி,
30.9.2004

அன்புள்ள அண்ணிக்கு,

சண்டை போடத்தான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கல்யாண வீட்டில் வேதாசலம் மாமா நன்றாகவே உருவேற்றி அனுப்பியிருந்தார். பட்டுச்சேலையோடு பாலத்தில் நின்று, வீட்டுக்குப் போய் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அப்போது ஓடைக்குள் யாரோ கத்துகிற சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தால் நீங்கள். மேலே எங்கேயோ மழை பெய்து செந்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஆடிக்கொண்டிருந்த ஒரு கழியை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தீர்கள். இன்னொரு அம்மாள் அதன் தலையில் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முனியம்மாளாக இருக்க வேண்டும். அடிக்கு ஒரு திட்டு திட்டினாள். நீங்களும் விடவில்லை. "கையப் பாத்து அடி, உன் மாமியாரு மண்டைன்னு நெனச்சியா?" என்று நீங்கள் கேட்டது பாலம் வரைக்கும் கேட்டது. கரையில் அண்ணன் முள்கட்டை எடுத்து எடுத்துக் கொடுத்தார். வெள்ளம் என்றால் அவருக்கு எவ்வளவு பயம் என்று கூடப் பிறந்த எனக்குத் தெரியும். ஆனால் நின்றார்.

அப்புறம் கத்தரிக்கொல்லையைப் பார்த்தேன். பாதி இல்லை. வெட்டிப் போட்ட மண்ணில் செடிகள் காயோடு கிடந்தன. அண்ணி, காய்க்கிற செடியைப் பிடுங்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அந்தக் கொல்லையில் ஒரு கோழி நுழைந்தாலே ஊரைக் கூட்டுவீர்களே.

கீழ்ப்பக்கம் நீங்கள் முதலில் கட்டின தட்டிகளையும் பார்த்தேன். நொச்சி துளிர்த்திருந்தது. தட்டிக்குப் பின்னால் வண்டல் படிந்து, அதில் நாணல் முளைத்திருந்தது. கருங்கல் நிற்காத இடத்தில் குச்சி நிற்கிறது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கேட்க வந்த கேள்வி ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. டீக்கடைக்காரர் "யார்மா?" என்றபோது, "அதோ தண்ணியில நிக்கறாங்களே, எங்க அண்ணி" என்றேன். அவ்வளவு பெருமையாக நான் எதையும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்திருந்தால் உங்கள் காலைப் பிடித்து அழுதிருப்பேன். கொஞ்ச நேரத்துக்கு முன்பு வரை சண்டைக்குத் தயாராக இருந்தவள் உடனே அழுதால் நன்றாக இருக்காது என்று பஸ் ஏறிவிட்டேன். அண்ணனைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அன்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அப்பா ஓடையிடம் வாங்கியதாக நான் எழுதியிருந்தேன். வாங்கவில்லை, கேட்காமல் எடுத்துக்கொண்டார். என் மேல் இருந்த ஆசையில் எடுத்தார். அதற்கு விலையைச் சேட்டு வீட்டுச் சமையல்கட்டு கொடுக்கிறது. அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் தானே வெட்டிவிட்டிருப்பார்.

கோடையில் கரையை வெட்டுங்கள். முதல் வெட்டு அண்ணன் கையால் விழட்டும். அதற்கு முன் அப்பா படத்துக்குக் கற்பூரம் காட்டச் சொல்லுங்கள். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. என் நிலத்தில் விளையாத வருஷத்தில் உங்கள் நிலத்து அரிசியை அனுப்பி என்னைச் சமாதானம் செய்யக் கூடாது. எனக்கு ருசி தெரியும்.

கண்ணகி


மானாம்பதி,
8.11.2005

என் தங்கக் கண்ணகிக்கு,

ரேடியோவில் வெள்ளச் செய்தி கேட்டு நீ பயந்திருப்பாய். போன் கம்பி எல்லாம் அறுந்து கிடக்கிறது. இங்கே எல்லோரும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். இதை முதலில் எழுதச் சொன்னவர் உங்கள் அண்ணன்.

சித்திரையில் கரை வெட்டியதைப் பற்றி போனில் கொஞ்சம்தான் சொன்னேன். உங்கள் அண்ணன் கற்பூரம் காட்டிவிட்டு வந்து மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார். வெட்டவில்லை. "நைனா, தங்கச்சி சொல்லிட்ச்சி" என்று உரக்கச் சொல்லிவிட்டு முதல் வெட்டு வெட்டினார். அப்புறம் யார் கேட்டும் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. சாயங்காலம் வரை வெட்டினார், அழுதுகொண்டே வெட்டினார்.

மேல்வாசலில் தண்ணீர் பறிக்காமல் இருக்க வெட்டிவேர் நட்டோம். உன் நிலத்தை இந்தப் பருவம் உழாமல் விட்டோம். ஓரமெல்லாம் புங்கனும் நீர்மருதும் வைத்தோம். பருவ மழைக்காகக் காத்திருந்தோம். ஊரில் பாதிப்பேர் எனக்குப் பைத்தியம் என்றார்கள். வேதாசலம் மாமா அதிலும் தலைமை.

இந்த மாதிரி மழையை நான் பார்த்ததில்லை. பக்கத்து ஊர்களில் ஏரிக்கரை நிற்குமா என்று ஜனங்கள் மூட்டையோடு மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நாஷ்டா நேரத்தில் சேட்டு ஓடிவந்து, "மெம்பரம்மா, வந்துட்ச்சி!" என்றார். எல்லோரும் ஓடைமேட்டுக்கு ஓடினோம். தெருவில் ஒருவரும் வீட்டுக்குள் இல்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையில் நின்றார்கள். இத்தனை பேரை என் பேச்சை நம்பி இருக்க வைத்திருக்கிறேனே, தப்பாகிப் போனால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்?

தண்ணீர் மேல்வாசலுக்கு வந்தது. ஒரு கணம் நேராகவே போய்விடும் போல இருந்தது. பிறகு திரும்பியது கண்ணகி! தெரிந்த வீட்டுக்குள் நுழைகிற ஆள் மாதிரி திரும்பி உன் நிலத்துக்குள் போயிற்று. பழைய வளைவு எங்கே இருந்ததோ, அதே வழி. யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. நிலம் முழுக்கப் பரந்து நின்றது. கீழ்வாசல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனது. ஓடைமேட்டில் தண்ணீர் எதிர்க்கரைச் சரிவில் ஏறி நாணலைச் சாய்த்தது, சேட்டு வீட்டு வாசல் வரை வந்து நுரையைத் தள்ளியது, இறங்கிவிட்டது. ஒரு வீடு விழவில்லை. முனியம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் "சோத்துல உப்பு கொறச்சலுன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள்.

வேதாசலம் மாமா குடையோடு வந்து பார்த்துவிட்டு, தான் முதலிலேயே சொன்னதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போகிறார். போகட்டும்.

உன் நிலத்தில் நல்ல வண்டல் தங்கியிருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் உளுந்து தூவலாம். ஆனால் இந்தத் தைக்கு மூட்டை இல்லை. வேறு அரிசி அனுப்பக் கூடாது என்று வாயைக் கட்டிவிட்டாய். அது ஒன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பாஞ்சாலி


நெய்வேலி,
18.1.2006

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் சேவல் சௌக்கியம். பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் எடு என்று கண்டக்டர் தகராறு செய்தாராம். இப்போது எங்கள் குவார்ட்டர்ஸை அதிகாலையில் எழுப்பிக்கொண்டிருக்கிறது.

உங்களுக்குத் தெரியாமல் இது நடந்திருக்காது. தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். போகிக்கு மறுநாள் காலையில் கதவைத் தட்டுகிற சத்தம். இந்த வருஷம் மூட்டை வராது என்று தெரிந்தும் நான் வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டு வைத்திருந்தேன். திறந்தால் சேட்டும் முனியம்மாளும் நிற்கிறார்கள். தலையில் கூடை, கையில் கரும்பு, கக்கத்தில் சேவல். "வாசல்லயே வெச்சிட்டுப் போறம்மா" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். கூடை சாய்ந்து தேங்காய் உருண்டது. சோபாவில் உட்கார வைத்தபோது என்னை ஏற இறங்கப் பார்த்து, "எங்கள வேற எடத்துக்கு அனுப்பச் சொன்ன அம்மா நீதானா?" என்று கேட்டுச் சிரித்தாள். அதையும் சொல்லிவிட்டீர்களா அண்ணி? எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

கூடையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கொத்து, வளையல், ஒரு வாயில் சேலை. ஓடைமேட்டுத் தெருவில் எல்லோரும் சேர்ந்து எடுத்ததாம். அடியில் ஒரு பொட்டலம். அவிழ்த்தால் கருவாடு. பொங்கல் சீரில் கருவாடு வைத்து எந்த ஊரில் பார்த்திருக்கிறீர்கள்? "உன் நெலத்துல தண்ணி வடிஞ்சப்போ புட்ச்ச கெண்டை. உன் நெலத்துல வெளஞ்சது உனுக்கு வரணும் இல்ல?" என்றாள். நானும் அண்ணனும் துண்டால் பிடித்தோமே, அதே கெண்டை. நான் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சேட்டு பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பவளம் அக்கா வந்தாள். வாசலில் செருப்பு, வீட்டில் புது ஆட்கள், சேவல் வேறு. "யார் கண்ணகி?" என்று கேட்டாள்.

"தாய் வீட்டிலிருந்து வந்திருக்கிறார்கள்" என்றேன்.

முனியம்மாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் தலையில் ஒரு முறை கையை வைத்து எடுத்தாள்.

காவியாவுக்கு வரன் வர ஆரம்பித்துவிட்டது. அவளுக்கும் அந்த மஞ்சக்காணியைத்தான் எழுதி வைப்பேன். வெள்ளம் வந்தால் வழிவிட வேண்டும், கரை போடக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்வேன். அதற்குச் சம்மதிக்காத மாப்பிள்ளை வேண்டாம் என்று தரகரிடம் சொல்லியாகிவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். உங்களை அப்படித்தானே முதலில் பார்த்தார்கள்.

ஐப்பசிக்கு வருகிறேன். பாலத்தில் நிற்க மாட்டேன், நேராக வீட்டுக்குத்தான். தண்ணீர் என் நிலத்துக்குள் திரும்புகிற அந்த இடத்தில் உங்களோடு நின்று நானும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உங்கள் நாத்தனார்,
கண்ணகி